இருபது ரவுண்டு ஓடவிடுவதற்குப் பெயர் பயிற்சி இல்லை

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், பார்த்துவிட்டேன். மத்தியான வெயிலில் ஒரு கோச் ஒரு பையனை கிரவுண்டைச் சுற்றி இருபது ரவுண்டு ஓடவிடுகிறார், கடைசியில் அந்தப் பையன் குனிந்து வாந்தி எடுக்கிறான். கீழே "இப்படித்தான் சாம்பியன் உருவாகிறான்" என்று வரிசையாக வாழ்த்துகள். அது தப்பு என்று இரண்டு வரி எழுதினேன். "உட்கார்ந்த இடத்தில் இருந்து பேசுகிறவர்களுக்கு உழைப்பைப் பற்றி என்ன தெரியும்" என்று பதில் வருகிறது. பள்ளிக்காலம் முழுக்க 400 மீட்டர் ஓடியவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்தப் பையன் 100 மீட்டர் ஓடுகிறவன். இருபது ரவுண்டு அவனுக்கு எதற்கு? முழு வேகத்தில் ஓட உடம்பைப் பழக்க வேண்டுமென்றால் கால் களைப்பில்லாமல் இருக்க வேண்டும். 60 மீட்டர் உயிரைக் கொடுத்து ஓடு, அப்புறம் நன்றாக ஓய்வெடு, மறுபடி ஓடு. பத்து மீட்டருக்கு ஒரு நிமிட ஓய்வு என்று வேக ஓட்டப் பயிற்சியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 60 மீட்டருக்கு ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் பையன் சும்மா நடந்தால் நம் கிரவுண்டில் யாருக்கும் பொறுக்காது. "என்னடா வேடிக்கை பார்க்கிற?" என்று விசில் ஊதிவிடுவார்கள். களைத்த காலோடு ஓடுகிறவனை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். இடுப்பு இறங்கிவிடும், பாதம் உடம்புக்கு முன்னால் போய் 'தொப்'பென்று விழும், தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். தினமும் அப்படி ஓடினால் அவன் கற்றுக்கொள்வது மெதுவாக ஓடுவதைத்தான்.

உடம்பு பலமாவது ஓடும்போது இல்லை, ஓடி முடித்து, சாப்பிட்டு, தூங்கும்போது. பதின்ம வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியும் முன் கிரவுண்டு, பகலெல்லாம் பள்ளி, சாயங்காலம் மறுபடி கிரவுண்டு, ராத்திரி டியூஷன். இதில் எங்கே தூங்குவது?

2022-ல் பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 நொடியில் ஓடி உலக சாதனை படைத்த கென்ய வீரர் கிப்சோகேவின் வாரத்தில் பெரும்பகுதி நிதானமான ஓட்டம்தான். கடினமான நாளிலும் முழுச் சக்தியையும் கொட்டிவிட மாட்டார். ஈட்டி எறியும் நீரஜ் சோப்ரா 2019-ல் முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டு அந்த வருஷ உலக சாம்பியன்ஷிப்பையே விட்டார். 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். அடுத்த வருஷம் டோக்கியோவில் தங்கம். வலியைப் பொறுத்துக்கொண்டு எறி என்று அவரை அன்றைக்கு யாராவது விரட்டியிருந்தால்?

"அவர்களுக்கு வசதி இருக்கிறது, நம் பிள்ளைகளுக்கு ஏது" என்பீர்கள். ஓய்வுக்கு என்ன வசதி வேண்டும்? ஒரு குடம் தண்ணீருக்கு என்ன காசு? வெயில் ஏறும் முன் முடித்துக்கொள்வதற்கு எந்த ஸ்பான்சர் வர வேண்டும்?

"எங்க காலத்துல தண்ணி குடிக்கவே விடமாட்டாங்க, நாங்க ஜெயிக்கலையா?" இதைச் சொல்பவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஜெயித்தவர்கள் சொல்கிறீர்கள். பாதியில் போனவர்களை யார் கணக்கெடுத்தது?

எனக்கு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்தது. விரலால் தொட்டாலே உயிர் போகும். சாரிடம் சொன்னேன். "ஓட ஓடச் சரியாகும்" என்றார். தவளைத் தாவலும் சேர்த்துக் கொடுத்தார், அதுவும் காய்ந்து இறுகிய தரையில். குறுவட்டப் போட்டியில் ஜெயித்தேன், மாவட்டத்துக்குப் போகும்போது நடக்கவே முடியவில்லை. எலும்பில் மயிரிழை விரிசல் என்றார் டாக்டர். அப்பா என் ஸ்பைக்ஸ் ஷூவை எடுத்துப் பரண்மேல் போட்டார். என்னைப் பார்க்க கிரவுண்டிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அடுத்த வருஷம் என் லேனில் வேறொருத்தி ஓடினாள்.

கட்டுப்பாடு வேண்டாமா என்றால், வேண்டும். நேரத்துக்கு வர வேண்டும், சொன்ன டிரில்லை ஒழுங்காகச் செய்ய வேண்டும். அதற்கும் வாந்தி எடுக்கும்வரை ஓடவிடுவதற்கும் என்ன சம்பந்தம்? அரசுப் பள்ளிகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஒரு உடற்கல்வி ஆசிரியர் இருக்கும் நிலைமை எனக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டவணை போட அவரால் முடியாது. ஆனால் "சாப்பிட்டியா?" என்று கேட்க முடியும். காலையில் வெறும் டீ குடித்துவிட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதவிடாய் நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணிடம் "நடிக்காதே" என்று சொல்லாமல் இருக்க முடியும். அந்த வார்த்தையையும் நான் கேட்டிருக்கிறேன்.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கால் போனால் பிசியோதெரபி இருக்கிறது, வேறு படிப்பு இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு சீட், ஒரு வேலை கிடைக்கும் என்று நம்பி ஓடும் பிள்ளைக்கு அந்தக் கால்தான் எல்லாம். அதை உடைத்துவிட்டு 'உழைப்பு' என்று பேர் வைக்காதீர்கள்.

பெற்றோருக்குச் சொல்கிறேன். நாளைக்கே கிரவுண்டுக்குப் போய்க் கேளுங்கள்: இன்றைய பயிற்சி எதற்காக, நடுவில் எவ்வளவு ஓய்வு, வாரத்தில் எந்த நாள் லீவு, போட்டிக்கு முந்தைய வாரம் பயிற்சியைக் குறைப்பீர்களா. நல்ல கோச் உட்காரவைத்து விளக்கிச் சொல்வார். கோபித்துக்கொள்கிறவர் கோபித்துக்கொள்ளட்டும், பிள்ளையை வேறு கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள்.