பட்டன் கிடாரும் கம்பிக் கிடாரும்

'கிடார் ஹீரோ வீடியோ கேம் விளையாடினால் நிஜ கிடார் வாசிக்க வந்துவிடும்' என்கிற கட்டுரையின் வாதம் பாதிதான் சரி. கிடாரை விட்டுவிட்டு டிரம்ஸைப் பார்த்திருந்தால் கட்டுரையாளருக்கு நல்ல சாட்சி கிடைத்திருக்கும்.

2005இல் வந்த கிடார் ஹீரோவில் ஐந்து வண்ணப் பட்டன், மீட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை. கம்பியே கிடையாது. என் அக்கா மகன் அதில் எக்ஸ்பர்ட் லெவலையே ஊதித் தள்ளுவான். நிஜ கிடாரைக் கொடுத்து எஃப் கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு பிடி) பிடிக்கச் சொன்னேன். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே வைத்து அழுத்திப் பார்த்தான். 'டப் டப்' என்று செத்த சத்தம்தான் வந்தது. ஆனால் தாளம் மட்டும் பிசகவில்லை.

2007இல் வந்த ராக் பேண்ட் என்கிற கேமின் டிரம்ஸ் கதையே வேறு. நான்கு பேட், காலுக்கு ஒரு பெடல். வலது கை ஹை-ஹேட்டில் (ஜோடித் தாளத்தட்டு) ஓடிக்கொண்டே இருக்க, இடது கை தாளத்தின் இரண்டாம், நான்காம் எண்ணிக்கையில் ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மில் விழ, கால் தனியாகப் பெடலை மிதித்துக் கிக் (பெரிய டிரம்) அடிக்க வேண்டும். டிரம்ஸ் கற்க வருபவர்களை முதலில் பாடாய்ப் படுத்துவது இந்தக் கை-கால் பிரிப்புதான். அதை சோஃபாவில் உட்கார்ந்தே பழகிவிடலாம். அடியின் கனம், நயம் எல்லாம் வராது, சரி.

அதே கேமின் பாட்டுப் பகுதியைக் கேட்கவே வேண்டாம்: சுருதி சேர்ந்தால் போதும், வார்த்தை இல்லாமல் முனகினாலும் பாயிண்ட் விழும்!

அப்புறம், 2011இல் வந்த ராக்ஸ்மித் கேமில் நிஜ எலக்ட்ரிக் கிடாரையே கேபிளில் செருகி வாசிக்க வேண்டும். அக்கா மகன் இப்போது அதில்தான் கிடக்கிறான். விரல் நுனி காய்த்துப்போயிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீட்டிக் காட்டுகிறான்.