அண்ணாச்சிக்கு ஏன் சீட்டு கிடைக்காது?

எங்கள் வார்டில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சொந்தக்காரர்களுக்கு முன்னால் தகவல் போவது அண்ணாச்சிக்குத்தான். ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்வார், பந்தல்காரரைப் பிடிப்பார், மயானத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிடுவார். காரியம் முடிந்ததும் இறப்புச் சான்றிதழுக்காக நகராட்சியில் போய் நிற்பதும் அவரே. முப்பது வருடமாக இதுதான் அவருடைய அரசியல். 1996இலும் 2011இலும் கவுன்சிலராக ஜெயித்தார், நடுவில் இரண்டு முறை தோற்றார். கட்சி எது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அவர் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தெரு வாறுகால், அதாவது சாக்கடைக் கால்வாய், கட்டிய வருடமே ஒரு மழைக்குப் பெயர்ந்து வந்தது. அந்த கான்ட்ராக்டில் அண்ணாச்சிக்கு எவ்வளவு போயிருக்கும் என்று தெருவே கணக்குப் போட்டது. நானும் போட்டேன். ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2023 வரை கவுன்சிலருக்கு மாத ஊதியம் என்று ஒன்று கிடையாது, கூட்டத்துக்குப் போனால் படி, அவ்வளவுதான். இப்போது நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், பேரூராட்சி என்றால் 2,500. ஆவணி மாத மொய்க்கே அது காணாது. காதுகுத்துக்கு வராத கவுன்சிலரை நாம் மறப்போமா?

சரி, என் ஆதங்கம் வேறு. இவ்வளவு செய்தும் இவர் எம்.எல்.ஏ. ஆகவே மாட்டார்.

இதே மாநிலத்தில் ஒரு காலத்தில் நகராட்சிதான் அரசியலுக்குத் தலைவாசல். 1917இல் ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவர். ஏறக்குறைய அதே சமயத்தில் பெரியார் ஈரோட்டில் தலைவர், அவர் கொண்டுவந்த குடிநீர்த் திட்டத்தை அந்த ஊர் இன்றும் சொல்லும். பக்கத்துப் பக்கத்து ஊர்த் தலைவர்களாகப் பழகியவர்கள்தான் பிறகு ஒரே கட்சியில் சேர்ந்து, அப்புறம் எதிரெதிர் திசையில் போனார்கள். 1941இல் காமராஜர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முழுதாகக் கவனிக்க முடியாத பதவி எதற்கு என்று வெளியே வந்தபின் விலகிவிட்டார். அதே விருதுநகர் 1967இல் அவரை 1,285 ஓட்டில் தோற்கடித்தது என்பது தனிக் கதை.

இன்று அந்த ஏணியின் முதல் படியே ஆடுகிறது. 2016 உள்ளாட்சித் தேர்தலுக்கு அண்ணாச்சி மனு கொடுத்து, நோட்டீஸ் அடித்து, மாலைக்கும் சொல்லிவிட்டார். மனுத்தாக்கல் முடிந்த மறுநாள், அக்டோபர் 4 அன்று, பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியில்லை என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. அதோடு நகர்ப்புறத்துக்குத் தேர்தல் வந்தது 2022 பிப்ரவரி 19இல்தான். நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஜனங்கள் பதவியில் இல்லாத அண்ணாச்சி வீட்டுக்குத்தான் வந்தார்கள், அவரும் தன் கைக்காசில் பல்பு வாங்கிப் போட்டார். இதை எந்தக் கட்சித் தலைமை எழுதி வைத்திருக்கிறது?

2022இல் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அண்ணாச்சி வீட்டு மதினி, அவர் மனைவி, நின்று ஜெயித்தார்கள். முதல் வருடம் 'கவுன்சிலர் வீட்டுக்காரர்' ராஜ்ஜியம்தான், ஒளிப்பானேன். ஆனால் இப்போது தண்ணீர் லாரிக்குப் பெண்கள் நேரே மதினிக்குத்தான் போன் போடுகிறார்கள். பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டத்தைக் கேலி செய்கிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து பார்க்கலாம்.

நகராட்சித் தலைவர் பதவியாவது கிடைக்குமா என்றால், 2011 போல ஜனங்கள் நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது இப்போது இல்லை. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், பெயர் மேலிருந்து வருகிறது. 2022 மார்ச்சில் கூட்டணிக் கட்சிகளுக்கு விட்ட இடங்களில் ஆளுங்கட்சிக்காரர்களே போட்டியாக நின்று ஜெயித்ததும், அவர்களை ராஜினாமா செய்யச் சொல்லி முதல்வரே அறிக்கை விட்டதும் நினைவிருக்கும். கூட்டணி தர்மம் என்று பார்த்தால் தப்புதான். ஆனால் இருபது வருடம் வாறுகாலோரம் நின்றவனுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பும் பேச்சுவார்த்தை மேசையில் போய்விட்டால் அவன் என்ன செய்வான்? எல்லாரையும் துரோகி என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சட்டமன்றத் தேர்தல் என்றால் கேட்கவே வேண்டாம். செலவு செய்ய முடியுமா, என்ன சாதி, எந்த மாவட்டச் செயலாளர் ஆள் என்றுதான் கேட்கிறார்கள். வார்டில் எத்தனை பேருக்கு முதியோர் பென்ஷன் வாங்கிக் கொடுத்தாய் என்று நேர்காணலில் கேட்டதாக அண்ணாச்சி சொல்லி நான் கேட்டதில்லை.

போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. அந்தத் துட்டி வீட்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். "இந்தத் தடவையும் சீட்டு கேப்பியளா அண்ணாச்சி?" என்றேன்.

"சீட்டு கேட்டுக் கட்சிக்குப் பணம் கட்டுன ரசீது மூணு இருக்கு தம்பி, நாலாவதும் சேத்து வைப்போம்" என்று சிரித்தவர், நாற்காலி பத்தவில்லை என்று யாரோ சொல்லவும் போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார்.