வேகமாக மூச்சிழுத்துவிட்டு நீந்தச் சொல்லும் தகவல் தவறு

"நீச்சல் பழகும் பெரியவர்கள் 20 முறை வேகமாக மூச்சிழுத்துவிட்டு, மூச்சை அடக்கி நீந்தினால் களைப்பே வராது" என்ற வாட்ஸ்அப் தகவல் ஈரோடு, கோபி பக்கம் சுற்றுகிறது. இது உயிரைப் பறிக்கக்கூடிய யோசனை.

நலமாக இருப்பவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே ஏறக்குறைய முழு அளவில்தான் இருக்கிறது. வேகமாக மூச்சுவிட்டால் கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். மூச்செடுக்கத் தூண்டுவது அந்த வாயு. அது குறைந்தால் தவிப்பு வரத் தாமதமாகும்; அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2015 மே மாத வார அறிக்கை ஒன்றில் இதைச் சரிபார்க்கலாம். நம் தோட்டத்துக் கிணறுகளில் ஒருவர் சத்தமில்லாமல் அடியில் போய்விட்டால், மேட்டில் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது.

முகம் நீருக்குள் இருக்கும்போது மூக்காலும் வாயாலும் மெல்ல, விடாமல் காற்றை வெளியே விடுங்கள். தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி வாயால் இழுங்கள். முதலில் இடுப்பளவு நீரில், சுவரைப் பிடித்தபடி குமிழிவிட்டுப் பழகுங்கள். நீச்சல் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இன்றே தவறென்று சொல்லிவிடுங்கள்.