எடெல்வைஸ் நாட்டுப்பாடல் அல்ல

அண்ணா, 'சவுண்ட் ஒஃப் மியூசிக்' என்ற ஆங்கிலப் படத்தின் இசைத்தட்டில் வரும் எடெல்வைஸ் ஒஸ்திரியாவின் பழைய நாட்டுப்பாடல், பாடியவர் படத்தில் நடித்த கிறிஸ்டோபர் பிளம்மர் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை. 1959இல், படத்துக்கு முன்பே அதே பெயரில் வந்த நியூயோர்க் மேடை நாடகத்துக்காக ரிச்சர்ட் றொட்ஜர்ஸ் இசையமைக்க, ஒஸ்கார் ஹமர்ஸ்டீன் எழுதிய பாட்டு அது. அவர் கடைசியாக எழுதியதும் அதுதான். அடுத்த வருடமே புற்றுநோயில் போய்விட்டார். அதனால்தான் 1965இல் படத்துக்கென்று புதிதாகச் சேர்த்த இரண்டு பாடல்களுக்கும் வரிகளை றொட்ஜர்ஸே எழுதினார்.

அப்புறம் குரல். படத்தில் பிளம்மர் வாயசைக்க, பாடியவர் பில் லீ. திருகோணமலையில் எங்கள் வீட்டுக் கசெற்றில் நாடா சிக்கும்போதெல்லாம் பென்சிலால் சுற்றிச் சுற்றி நாங்கள் கேட்டது அந்த மனிதரின் குரலைத்தான். பதிவில் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள், பாடசாலைப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்.