கீழ்ப்படிய மறுத்தவர்களைப் பற்றிய இரண்டு படங்கள்

கடந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் திருகோணமலை உவர்மலையில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, நீண்ட காலமாக மீண்டும் பார்க்க எண்ணியிருந்த இரண்டு படங்களை அக்காவும் நானும் சேர்ந்து பார்த்தோம். முதலாவது இயக்குநர் கியெர்மோ தெல் தோரோவின் ‘பான்ஸ் லாபிரின்த்’. இரண்டாவது ஜெர்மன் படமான ‘த லைவ்ஸ் ஒஃப் அதர்ஸ்’. இரண்டுமே 2006இல் வெளிவந்தவை. சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருதுக்கு 2007இல் இரண்டும் நேருக்கு நேர் போட்டியிட்டன. விருது ஜெர்மன் படத்துக்குப் போனது. அந்தத் தீர்ப்பு எனக்கு அன்றும் உடன்பாடில்லை, இன்றும் உடன்பாடில்லை. அதற்கான காரணத்தை எழுத முற்படும்போது இரு படங்களின் முடிவுகளையும் சொல்லியே ஆகவேண்டியிருப்பதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசிப்பது நல்லது.

இருண்ட மாயக்கதை என்று ஒன்றையும், உளவுப் படம் என்று மற்றதையும் வகைப்படுத்திவிட்டால், முன்னது கற்பனை, பின்னது வரலாறு என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. ஆனால் இரண்டு கதைகளும் ஒரே கேள்வியில்தான் நிற்கின்றன: மேலிடத்திலிருந்து கட்டளை வருகிறது, அதைச் செய்வதா, மறுப்பதா? அந்தக் கேள்விக்கு மாயக்கதை சொல்லும் பதில்தான் எனக்கு அதிக உண்மையாகப் படுகிறது.

‘பான்ஸ் லாபிரின்த்’ நடப்பது 1944இல். ஸ்பானிய உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் மலைக்காட்டில் கெரில்லாக்கள் எஞ்சியிருக்கிறார்கள். அவர்களை அழிக்க ஒரு பழைய மாவாலையில் முகாமிட்டிருக்கும் கப்டன் விடாலிடம், அவனை மணந்துகொண்ட, நிறைமாதக் கர்ப்பிணியான தன் தாயுடன் வந்து சேர்கிறாள் சிறுமி ஒஃபேலியா. காட்டுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக விடால் ஊர்மக்களின் பங்கீட்டைக் குறைக்கிறான். குறைக்கப்பட்ட அந்தப் பங்கீடு மக்களுக்குப் போதுமா என்ற பேச்சு, விருந்து மேசையில், நிறைந்த தட்டுகளுக்கு நடுவே எழுகிறது. ஆன்மாக்களைக் கடவுள் காப்பாற்றிவிட்டார், உடல்களுக்கு என்ன நேர்ந்தாலென்ன என்ற கருத்தில் அங்கே பாதிரியார் ஒருவர் பேசுகிறார். அடையாளம் காட்டிப் பாணுக்கு வரிசையில் நிற்கும் சனங்களின் காட்சி வந்தபோது அக்கா படத்தை நிறுத்தச் சொன்னா.

“நாங்கள் நிவாரணத்துக்கு நிண்ட மாதிரியே கிடக்கு, தம்பி. முகத்தைப் பார், ஒருத்தரும் ஒருத்தரோடையும் கதைக்கயில்லை.”

அதே விருந்து மேசை இன்னொரு முறை வருவதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. ஒஃபேலியா நுழையும் மாய உலகின் நிலத்தடி மண்டபத்தில் கண்ணில்லாத வெளிறிய பூதம் ஒன்று, தொடப்படாத உணவுக் குவியலுக்கு முன்னால் மேசைத் தலைமாட்டில் அமர்ந்திருக்கிறது. பின்னால் நெருப்பு எரிகிறது. ஒரு பக்கத்தில் குழந்தைகளின் சப்பாத்துகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. தட்டில் கிடக்கும் கண்மணிகளை எடுத்து உள்ளங்கைகளில் பொருத்திக்கொண்டு அது எழுந்து வருகிறது. கப்டன் அமர்ந்திருந்த இடத்தில் பூதத்தை அமர்த்தியிருக்கிறார் தெல் தோரோ. அந்தப் பூதமாகவும், ஒஃபேலியாவை வழிநடத்தும் ஆட்டுக்கொம்பு கொண்ட காட்டுத் தேவனாகவும் நடித்தவர் டக் ஜோன்ஸ் என்ற ஒரே நடிகர் என்பது படத்தின் கேள்வியோடு பொருந்தித்தான் வருகிறது. பயமுறுத்துபவனும் வழிகாட்டுபவனும் ஒரே உடலாக இருக்கும்போது, யார் சொல்லைக் கேட்பது?

இங்கே ஒஃபேலியா சொல் மீறுகிறாள். எதையும் உண்ணாதே என்று எச்சரிக்கப்பட்டிருந்தும் திராட்சையை எடுத்து வாயில் போடுகிறாள்; அதற்கு அவளுடன் வந்த தேவதைகள் விலை கொடுக்கின்றன. ஆகவே மீறல் எல்லாமே மேன்மையானது என்று இந்தப் படம் சொல்லவில்லை. பசியால் செய்த மீறலையும், இறுதியில் காட்டுத் தேவன் கேட்டும் தன் கைக்குழந்தைத் தம்பியின் இரத்தத்தைத் தர மறுத்துச் செய்யும் மீறலையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க நம்மிடம் விட்டுவிடுகிறது.

எனக்குப் படத்தின் உயிர் மருத்துவர் ஃபெரெய்ரோவின் காட்சியில் இருக்கிறது. பிடிபட்ட கெரில்லா ஒருவனுக்குப் பேச்சுத் திக்கும். திக்காமல் மூன்று வரை எண்ணினால் விட்டுவிடுகிறேன் என்கிறான் விடால், அவனால் முடியவில்லை. சித்திரவதைக்குப் பிறகு, இன்னும் பேசவைப்பதற்காக அவனை உயிரோடு வைத்திருக்கும்படி மருத்துவரிடம் ஒப்படைக்கிறான் விடால். அவன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டபடி மருத்துவர் ஊசி போட்டு அவனது வேதனையை முடித்துவைக்கிறார். ஏன் எனக்குக் கீழ்ப்படியவில்லை என்று விடால் கேட்கும்போது அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிகிறது. கேள்வியே கேட்காமல், கீழ்ப்படிவதற்காகவே கீழ்ப்படிவது உங்களைப் போன்றவர்களால் மட்டுமே முடியும், கப்டன் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு அவர் தன் பையுடன் வெளியே நடக்கிறார். முதுகில் சுடப்படுகிறார். சில அடிகள் நடந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு விழுகிறார். அதே வேளையில் உள்ளே விடாலின் மனைவிக்குப் பிரசவ வலி தொடங்குகிறது. முகாமில் இருந்த ஒரே மருத்துவர் முற்றத்தில் கிடக்கிறார். அவள் பிழைக்கவில்லை. மறுத்தவருக்கு மரணம், மறுப்பைப் பொறுக்காதவன் வீட்டிலும் மரணம். ஆறுதலுக்கு ஒரு சொல்கூடக் கிடையாது.

ஜெர்மன் படம் ஆறுதல் தருகிறது. என் மனத்தாங்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கதை 1984இல், கிழக்கு பெர்லினில் நடக்கிறது. ஷ்டாசி என்ற அரச பாதுகாப்பு அமைச்சின் அதிகாரி வீஸ்லர், நாடகாசிரியர் ட்ரேமனின் வீட்டில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, மேல்மாடத்தில் இருந்துகொண்டு கேட்கிறார். கேட்கக் கேட்க மாறிப் போகிறார். பொய் அறிக்கை எழுதி ட்ரேமனைக் காப்பாற்றுகிறார். வீஸ்லராக நடித்த உல்ரிக் மூஹே கிழக்கு ஜெர்மனியில் தாமே கண்காணிக்கப்பட்டவர். விருது கிடைத்த அதே 2007இல் காலமானார். மின்தூக்கியில் ஒரு சிறுவன் வீஸ்லரிடம், நீங்கள் ஷ்டாசியா, அவர்கள் ஆட்களைச் சிறையில் போடும் கெட்டவர்கள் என்று அப்பா சொன்னார் என்கிறான். “உன்னுடைய...” என்று தொடங்கும் வீஸ்லர், அப்பாவின் பெயரைக் கேட்கப் போனவர், ஒரு கணம் நின்று, “பந்தின் பெயர் என்ன?” என்று முடிக்கிறார். முகத்தில் ஒரு தசை அசையாமல் இத்தனை பெரிய மாற்றத்தைக் காட்டிய நடிப்பை நான் அதிகம் கண்டதில்லை.

ஆனால் அப்படி ஒரு வீஸ்லர் இருந்ததாக வரலாற்றில் பதிவு இல்லை. 1989இல் ஷ்டாசியிடம் ஏறக்குறைய 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். இரகசியத் தகவல் கொடுப்போர் அதைவிட அதிகம். ஷ்டாசி நடத்திய ஹோஹென்ஷோன்ஹவுசன் சிறையின் நினைவகத்துக்குப் பொறுப்பாக இருந்த ஹூபெர்ட்டஸ் க்னாபே, ஷ்டாசி அதிகாரியை நாயகனாக்கும் கதை என்பதால் அங்கே படம்பிடிக்க அனுமதி மறுத்தார். அவர் மறுத்ததில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

என்னை வருத்துவது இன்னொன்று. ட்ரேமனின் துணைவியான நடிகை கிறிஸ்டா-மரியா, பிடித்துச் சென்று மிரட்டப்பட்டபின், ட்ரேமன் இரகசியமாக எழுதப் பயன்படுத்திய தட்டச்சுப் பொறி ஒளித்துவைக்கப்பட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கிறாள். சற்று நேரத்தில் வீதிக்கு ஓடி வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். அதன்பின் படத்தின் இரக்கம் முழுவதும் அதிகாரியின் பக்கம் போய்விடுகிறது. கடைசியில் ட்ரேமன் தன் நூலை அவரது குறியீட்டு எண்ணுக்கே நன்றியுடன் சமர்ப்பிக்கிறார். இராணுவச் சுற்றிவளைப்புகளின்போது, தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுக்க வாகனத்துக்குள் முகம் மூடி இருத்தப்பட்ட தலையாட்டிக்கு முன்னால் ஆண்கள் வரிசையாக நடந்துபோன ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு, இந்தக் கதையின் கனத்த பாத்திரம் அவள்தான். அந்த முகமூடிக்குள் இருந்தவனும் எங்கோ அடிவாங்கி உடைந்தவனாகவே இருந்திருக்கலாம். அவனைப் பற்றி, அவளைப் பற்றி நின்று பேசியிருக்க வேண்டிய படம் அவசரமாகக் கடந்துவிட்டது.

இரு படங்களும் பெயரை எப்படிக் கையாள்கின்றன என்பதிலேயே வேறுபாடு தெரிந்துவிடுகிறது. தான் இறந்த நேரத்தை மகனுக்குச் சொல்லுங்கள் என்று விடால் கேட்கத் தொடங்கும்போது, அவனது சமையலறையிலேயே இருந்து கெரில்லாக்களுக்கு உதவிய மெர்செதெஸ், உன் பெயர்கூட அவனுக்குத் தெரியாது என்று வெட்டிவிடுகிறாள். அங்கே பெயர் அழிக்கப்படுகிறது. இங்கே ஓர் எண் கௌரவிக்கப்படுகிறது.

ஒன்றை மட்டும் ஜெர்மன் படத்துக்கு முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆட்சி கவிழ்ந்தபின் ட்ரேமன் ஷ்டாசியின் ஆவணக் காப்பகத்துக்குப் போய், தன்னைப் பற்றிய கோப்புகளைக் கேட்டு வாங்கி, மேசையில் வைத்து வாசிக்கிறார். இது கற்பனையல்ல, 1992 முதல் அங்கே சாதாரண மக்களும் தங்கள் கோப்பைப் பார்க்க முடிந்தது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 2017 முதல் வீதியோரங்களில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்திப் போராடிவரும் தாய்மார் கேட்பது இதைத்தான்: யார் கொண்டுபோனார்கள், எங்கே வைத்தார்கள், என்ன எழுதினார்கள். அந்த வாசிப்பறைக் காட்சி முடியும்வரை அக்கா ஒன்றும் பேசவில்லை.

ஆனாலும் அக்கா என்னுடன் உடன்படவில்லை. “ஒருத்தனாவது மாறினான் எண்டு பிள்ளைகள் பார்க்க வேணும், தம்பி. எல்லாரும் சாகிற கதையை மட்டும் காட்டி என்ன செய்யிறது?” என்றா. உயர்தர மாணவர்களுக்கு நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறவ; ஜெர்மன் படத்தின் சில காட்சிகளை வகுப்பில் காட்டப் போகிறாவாம். காட்டட்டும். மூஹேயின் அந்த முகத்தைப் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். பார்த்தபின், வீஸ்லரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கிறிஸ்டா-மரியாவைப் பற்றி அவர்களிடம் கேளுங்கோ என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.