பிரெஞ்சு சாப்பாட்டுக்கா டோக்கியோ வரை?

டோக்கியோவில் நல்ல பிரெஞ்சு உணவகம் எது என்று யாராவது கேட்டால் போதும், "அதைச் சாப்பிட ஜப்பானுக்கு ஏன் போகணும்?" என்று ஒரு குரல் உடனே வந்துவிடும். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம். டோக்கியோவுக்கு பிரெஞ்சுச் சமையல் நேற்று வந்த விருந்தாளி இல்லை. மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) அரண்மனைக்குள் நுழைந்தது. அரசு விருந்துகளில் இன்றைக்கும் அதுதான் பரிமாறப்படுகிறது. பின்னாளில் அரண்மனைச் சமையலறையின் தலைமைக்கு வந்த அகியாமா தோகுசோ பிரான்ஸில் தொழில் கற்றுத் திரும்பியவர். 2020-இல் பாரிஸிலேயே ஒரு ஜப்பானியர், கேய் கோபயாஷி, மிஷ்லின் உணவகக் கையேட்டின் உச்ச மதிப்பான 3 நட்சத்திரம் வாங்கினார்.

ஆகவே கேள்வி 'போகலாமா' என்பதல்ல, 'எங்கே போவது' என்பதுதான். நட்சத்திரத்தை மட்டும் எண்ணிக்கொண்டு தேர்வு செய்யாதீர்கள். அங்கே 3 நட்சத்திர பிரெஞ்சு உணவகமே பல இருக்கின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எபிசு பகுதியில் பிரெஞ்சுச் சமையல் கலைஞர் ஜோயல் ரொபுஷோன் பெயரில் இருப்பது மாளிகை மாதிரியான கட்டடம், சரவிளக்கு, வண்டியில் தள்ளிக்கொண்டு வரும் ரொட்டி வகைகள் என்று பழைய பாரிஸின் ஆடம்பரம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் முதல் தடவை போகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஜப்பானிய மண்ணில் விளைந்ததைப் பிரெஞ்சுக் கைப்பக்குவத்தில் சமைக்கிற இடத்துக்குத்தான் போகச் சொல்வேன்.

நிஷி-அசாபுவில் உள்ள லெஃபர்வெசான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஷினோபு நமாயேவின் உணவகம், 2010-இல் தொடங்கியது. அங்கே பேர்போனது டர்னிப். முள்ளங்கி மாதிரியான சாதாரணக் கிழங்குதான். நாலு மணி நேரம் போல மெல்லிய சூட்டில் வேகவைத்து, பிறகு வெண்ணெயில் மேற்புறம் பொன்னிறமாக வாட்டித் தருகிறார்கள். கத்தி வைத்த இடத்தில் சாறு கசியும். ஆட்டிறைச்சியோ நண்டோ இல்லாமல் ஒரு கிழங்கை விருந்தின் நடுவில் வைக்கிற துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டர்னிப் என்றதும் சைவம் என்று நினைத்துவிட வேண்டாம், ஹாம் (பதப்படுத்திய பன்றி இறைச்சி) சேரும்.

சைவர்கள் முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது. சாஸின் அடிப்படையே எலும்பு வேகவைத்த சாறு. இனிப்பில்கூட விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். அசாபுதாய் ஹில்ஸுக்கு 2023-இல் இடம் மாறிய ஃப்ளோரிலேஜ் உணவகத்தில் காய்கறிதான் மையம், எல்லோரும் ஒரே நீண்ட மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். அங்கேயும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

காசு விஷயம். 3 நட்சத்திர இடங்களில் இரவு விருந்து ஆளுக்கு 30,000 யென்னைத் தாண்டும். அதற்கு மேல் 10 முதல் 15 சதவீதம் சேவைக் கட்டணம் சேரும். டிப்ஸ் கிடையாது, வைக்கவும் வேண்டாம். மதியச் சாப்பாடு போடும் இடங்கள் பலவற்றில் விலை இரவைவிட நன்றாகக் குறையும். சமைப்பது அதே கைதான். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் கார்டிலிருந்து பணம் எடுத்துவிடுவார்கள், அது நியாயமும்கூட. அடர்த்தியான சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பக்கத்து மேசைக்காரரின் சாப்பாடும் கெட்டுப்போகும். சின்னக் குழந்தைகளைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை.

இன்னொன்று, தாபேலாக் என்ற ஜப்பானிய உணவக மதிப்பீட்டுத் தளத்தில் 5-க்கு 3.6 என்று மதிப்பெண் பார்த்துவிட்டு நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஜப்பானியர்கள் கைநிறைய மதிப்பெண் போடுகிறவர்கள் இல்லை. அங்கே 3.5-க்கு மேல் போனாலே நல்ல கடை.

ஒரே ஒரு வேளைக்குத்தான் வழி என்றால்? நான் ஷினாகவா பக்கம் இருக்கும் கான்டெசான்ஸ் உணவகத்துக்குப் போவேன். சமையல் கலைஞர் ஷூசோ கிஷிதா 2006-இல் ஆரம்பித்தது. 2007-இல் டோக்கியோவுக்கு முதல் மிஷ்லின் கையேடு வந்தபோதே 3 நட்சத்திரம். மெனு அட்டையில் உணவின் பெயரே இருக்காது. அன்றைக்கு எது நன்றாகக் கிடைத்ததோ அதைச் சமைப்பார். ஆட்டுப்பாலில் செய்த பவாருவா (புட்டிங் மாதிரி உறையவைத்த பதார்த்தம்) ஒன்று உண்டு. அதில் பால் துணைக்குத்தான், முன்னால் நிற்பது உப்பும் ஆலிவ் எண்ணெயும்.  விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால் இந்த மேசையைப் பிடிக்கப் பாருங்கள்.