கிடங்கைத் திறந்து பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்

மூன்று நாட்களாக அந்தப் பதிவு என்னை விடாமல் துரத்துகிறது. யார் எழுதியது என்று சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அதை எனக்கு அனுப்பிவிட்டீர்கள். ஸ்டார்பக்ஸ் தன் சீனத் தொழிலில் 60 சதவீதம் வரை போயு கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க ஒப்புக்கொண்டதை வைத்து, 2017இல் வாங்கச் சொன்னதும் ஆலோசகர்கள், 2025இல் விற்கச் சொன்னதும் ஆலோசகர்கள், இரண்டு முறையும் கட்டணம் வாங்கியதும் அவர்களே என்று எழுதியிருந்தார். எழுதட்டும். நானும் சீனப் பேரங்களுக்கு ஆலோசனை சொல்கிறவன்தான். ஆனால் அடியில் என் பெயரை எதற்காக இணைத்தார்? அந்த இரண்டு பேரங்களிலும் எனக்குத் துளியும் தொடர்பில்லை.

2017இல் ஷாங்காயும் அதைச் சுற்றிய மாகாணங்களும் அடங்கிய கிழக்குச் சீனக் கூட்டு நிறுவனத்தின் மறுபாதியை ஸ்டார்பக்ஸ் 130 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இப்போது விற்கும்போதும் 40 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொள்கிறது. பெயரின் உரிமையும் அதனிடமே இருக்கிறது. இதற்குள் சீனாவில் கடைகளின் எண்ணிக்கையில் லக்கின் என்ற சீனக் காபி நிறுவனம் அதை முந்திவிட்டது. சிறு நகரங்களுக்குள் போக உள்ளூர்க் கூட்டாளி தேவைப்பட்டது. இதைத் தோற்று ஓடுவது என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதினெட்டு ஆண்டுகளாக நான் சொல்லிவருவது ஒன்றுதான். சீனாவில் ஒரு நுகர்பொருள் நிறுவனத்தை வாங்கப் போகிறவர், அதன் விநியோகஸ்தரின் கிடங்கைத் திறந்து பார்க்காமல் விலை சொல்லக் கூடாது. பெயருக்குக் காசு கொடுக்கிறோம் என்று வெளிநாட்டு முதலாளி நினைக்கிறார். மாவட்ட நகரத்துக் கடை அலமாரியில் அந்தச் சரக்கைக் கொண்டுபோய் அடுக்குகிறவரை அவர் பார்த்ததே இல்லை.

டனோன் - வாஹாஹா கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் உணவு நிறுவனமும் சீனாவின் பான நிறுவனமும் 1996இல் தொடங்கிய கூட்டு. பிறகு டனோனிடம் 51 சதவீதம். காகிதத்தில் அதிகாரம் முழுவதும் பிரெஞ்சுக்காரர்களிடம். 2007இல் சண்டை வெடித்தபோது, முன்பணம் கட்டிச் சரக்கெடுத்த விநியோகஸ்தர்கள் யார் பக்கம் நின்றார்கள்? வாஹாஹாவின் நிறுவனர் சோங் சிங்ஹோவின் பக்கம். அவர்கள் கண்டது அவரைத்தான். 2009 செப்டம்பரில் டனோன் தன் பங்கை விற்க ஒப்புக்கொண்டு வெளியேறியது. 51 சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒரு பெட்டித் தண்ணீர்ப் புட்டியைக்கூட அவர்களால் நகர்த்த முடியவில்லை.

என் கதைக்கு வருகிறேன். 2012இல் ஓர் ஐரோப்பிய நிறுவனம் சீன பிஸ்கட் நிறுவனம் ஒன்றை வாங்க நினைத்தது. பெயர்கள் வேண்டாம். ஹெனான் மாகாணத்தின் ஒரு மாவட்ட நகரத்துக்கு என்னை அனுப்பினார்கள். சிங்கப்பூரில் கற்ற என் சீன மொழி அங்கே பாதிதான் எடுபட்டது. சக ஊழியர் உதவினார். விநியோகம் செய்த அம்மையாரை ஊரே 'தாஜியே' என்று அழைத்தது. நம் 'அக்கா'தான். கிடங்குக்குள் கூரையைத் தொடும் அளவுக்கு அட்டைப்பெட்டிகள். முன்வரிசை புதிது. பின்வரிசையில் ஒன்றை இழுத்துத் தூசியைத் துடைத்துத் தேதியைப் பார்த்தேன். பன்னிரண்டு மாத ஆயுளுள்ள பிஸ்கட். தயாரித்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. அக்கா தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். இடப்பக்கம் வந்த பெட்டிகள், வலப்பக்கம் விற்ற பெட்டிகள். டிசம்பரில் மட்டும் இடப்பக்கம் நிரம்பி வழிந்தது. ஆலையிலிருந்து லாரி கிளம்பியதுமே நிறுவனம் அதை விற்பனையாக எழுதிக்கொள்ளும். ஆண்டுக் கணக்கு அழகாக இருக்கும். பிஸ்கட்டோ இங்கே நமுத்துக்கொண்டிருக்கும்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் இதை எழுதினேன். "அடிக்குறிப்பாகப் போடுங்கள்" என்றார்கள். மறுத்தேன். அடுத்த கட்டத்தில் என்னை மாற்றிவிட்டு வேறொருவரை அமர்த்தினார்கள். பேரம் முடிந்தது. இரண்டு ஆண்டுகளில் முதலீட்டின் பெரும்பகுதியை நட்டமாக எழுதித் தள்ளினார்கள். அப்போது ஒருவர்கூட என்னை அழைத்து "நீங்கள் சொன்னது சரி" என்று சொல்லவில்லை. ஆலோசகர்கள் கவனிக்கத் தவறினார்கள் என்றுதான் பேச்சு.

"பேரம் முடிந்தால்தானே உங்களுக்குக் காசு, எப்படி வேண்டாம் என்பீர்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்தத் தொழிலின் பெரிய நோயே அதுதான்; நான் மறைக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லி வாடிக்கையாளரை இழந்தவனிடமே அதைக் கேட்பது வலிக்கிறது.

"எப்படி இருந்தாலும் சீன அரசாங்கம் தடுத்துவிடுமே" என்பவர்கள் எப்போதும் ஹுய்யுவானைக் காட்டுகிறார்கள். 2008இல் கொக்கோகோலா அந்தப் பழச்சாறு நிறுவனத்துக்கு ஏறத்தாழ 240 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. 2009 மார்ச் 18 அன்று வணிக அமைச்சகம் மறுத்தது. உண்மை. ஆனால் 2006இல் பிரான்சின் செப் நிறுவனம் பிரஷர் குக்கர் செய்யும் சீன நிறுவனமான சுபோரை வாங்க முன்வந்தபோது போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடி எதிர்த்தும் அனுமதி கிடைத்ததே? நிறுவனரின் மகன் பல ஆண்டுகள் தலைவராகத் தொடர்ந்தார். விற்பனை ஆட்கள் கலையவில்லை. சுபோர் இன்றும் சீன அடுப்படிகளில் இருக்கிறது. பிரெஞ்சு அழகுப்பொருள் நிறுவனமான லோரெயால் 2003இல் வாங்கிய 'சியாவ் ஹூஷி' என்ற சீன முகப்பூச்சு எங்கே? சிறுநகரக் கடைகளில் அடுக்கியிருந்த பெயரைத் தங்கள் கார்னியே பெயரோடு ஒட்டவைத்தார்கள். அது மங்கி மறைந்தே போனது. இரண்டையும் பெய்ஜிங் தடுக்கவில்லை.

"சீனாவே வேண்டாம், வெளியே வாருங்கள்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் ஒரு மாவட்ட நகரத்துக் கடையில் ஐந்து நிமிடம் நின்றதில்லை.

கோபம் அதுதான். ஸ்டார்பக்ஸைப் பற்றி யாரும் எழுதலாம். தவறான பேரங்களுக்குத் துணைபோன ஆலோசகர்களைத் திட்டலாம். நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் தூசி படிந்த பெட்டியை இழுத்துத் தேதி பார்த்தவனையும், விமான நிலைய ஹோட்டலைத் தாண்டாமல் விலை போட்டவனையும் ஒரே கயிற்றில் கட்டினால் எப்படி? என் மகளும் அந்தப் பதிவைப் படித்தாள். "அப்பா, நீங்கள் இப்படித்தான் சம்பாதித்தீர்களா?" என்று கேட்டாள். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் காலை அந்தப் பழைய அறிக்கையின் முதல் பக்கத்தை எடுத்து அவளிடம் காட்டினேன். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அதில் என்ன புரிந்திருக்கும் என்று தெரியவில்லை.

அந்தப் பதிவை அவர் நீக்க வேண்டாம். கருத்தையும் மாற்ற வேண்டாம். என் பெயரை மட்டும் எடுத்துவிடட்டும்.